கட்டைவாலுக்கு ஒரு சாண் தள்ளி

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஏர்கன் மேல் ஒரு டார்ச் லைட்டைப் பூட்டியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாதனூர் வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் சாக்கு விரித்து, துப்பாக்கியை அதன் மேல் கிடத்தியிருந்தோம். நான் கிளாம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் திருகினார். கொண்டுபோயிருந்த சின்ன ரசமட்டத்தை, குறி பார்க்கிற ஸ்கோப்பின் தலையில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன்.

"வூடு கட்டப் போறமா?" என்றார்.

"ஸ்கோப்பு சாஞ்சிருந்தா குறியும் சாஞ்சி போவும்ப்பா."

"பெருச்சாளி மட்டம் பாத்தா நிக்கப் போவுது?"

டார்ச்சைக் குழல் மேல் மாட்டலாம் என்பது அவர் யோசனை. பார்க்க நன்றாக இருக்குமாம். அது குழலை மடக்கிக் குண்டு போடுகிற துப்பாக்கி. குழலில் எதைக் கட்டினாலும் ஒவ்வொரு மடக்கலிலும் அது கொஞ்சம் நகரும், குழலின் எடை மாறும், குண்டு விழும் இடமும் மாறும். அதனால் ஸ்கோப்பின் உடம்பில் மாட்டினோம். பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, எதிர்ச் சுவரில் சிவப்பு வட்டம் விழ, அதன் நடுவும் ஸ்கோப்பின் கூட்டல் குறியும் ஒன்றாகும்வரை திருகிக்கொண்டிருந்தோம். உள்ளே இரண்டு பேர் நிற்க இடமில்லை. அவர் வாளிக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு ஸ்கோப்பில் பார்த்தார்.

"வெள்ள லைட்ட அடிச்சா ஓடிப்போவுது. செவப்புன்னா அதுக்குத் தெரியாது. நீதான சொன்ன?"

"பெரும்பாலும் தெரியாதுன்னு சொன்னேன்."

"அப்ப திங்கக்கெழம அதோட கத முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வாளியிலிருந்து காலை எடுத்தார். டார்ச்சுக்கு ஏ கிரேடு கொடுத்தார்.

திங்கட்கிழமை கதை முடியவில்லை. வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் ஆம்பூரில் இறங்கவில்லை. பஸ்ஸில் அவர் தூங்குவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் எல்லோரும் இறங்கிய பிறகுதான் டிரைவர் தோளைத் தொட்டிருக்கிறார். இதயம் என்றார்கள்.

அப்பாவின் பெயர் ரத்தினசாமி. வயது அறுபத்து மூன்று. ஆம்பூர் பைபாஸ் பக்கம் ஒரு டேனரியில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஈரத் தோலை லாரியிலிருந்து இறக்குகிற ஆளாகச் சேர்ந்து, தோல் பிரிக்கிற மேஜைக்கு உயர்ந்து, கடைசியில் குடோன் பொறுப்பாளராக நின்றார். மேஜை வேலை என்பது, பதனிட்டு வந்த தோலை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, உண்ணி கடித்த தழும்பு, முள்வேலிக் கீறல், உரித்தவன் கத்தி பட்ட வெட்டு எல்லாவற்றையும் கண்டுபிடித்து வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டு, ஏ, பி, சி, ரிஜெக்ட் என்று பிரிப்பது. மேஜையை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கிரேடு போடுவார். கல்யாணப் பந்தியில் சாம்பார் பி. எங்கள் தெரு ரோடு ரிஜெக்ட். ஆற்காட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க மக்கன் பேடா பெட்டியோடு வந்தது. அவர்கள் படி இறங்கியதும் சொன்னார்: "பேடா ஏ. பையன் சி." பேடா முழுவதையும் அவரே தின்று தீர்த்தார். அடுத்து வந்தவருக்கு பி பிளஸ். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

எனக்கு என்ன கிரேடு என்று பல முறை கேட்டிருக்கிறேன். "ஒன்ன இன்னும் டேபிள்ள போடல" என்பார்.

துப்பாக்கி அவருக்குத் தொழில் இல்லை, சபலம். வேலூர் பொருட்காட்சிக்குப் போனால் நேராகப் பலூன் சுடுகிற கடைக்குத்தான் போவார். அந்தக் கடைத் துப்பாக்கிகள் எல்லாம் குறி கோணியவை. முதல் குண்டைச் சும்மா விடுவார், எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்ப்பார், அடுத்த குண்டிலிருந்து பலூன்கள் வரிசையாக வெடிக்கும். பரிசு எப்போதும் பிளாஸ்டிக் சோப்பு டப்பா. எங்கள் வீட்டில் சோப்பை விட டப்பா ஜாஸ்தி. ஒரு வருஷம் கடைக்காரர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார் என்று அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பாள். அந்த அவமானத்தில்தான் சென்னைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு ஏர்கன் வாங்கி வந்தார். சொந்தத் துப்பாக்கி வந்ததும் சுட ஒன்றுமில்லை. பல வருஷம் பரண் மேல் கிடந்தது.

அறுபது ஆனதும் அதற்கு வேலை வந்தது.

டேனரியை நடத்துபவர் சமீருல்லா. அவருக்கு இரண்டு அண்ணன்கள் சென்னையில் இருந்தபடி பங்குதாரர்கள். அறுபது வயதுக்கு மேல் ஒருத்தரும் வேலையில் இருக்கக் கூடாது என்பது அண்ணன்கள் போட்ட சட்டம். அப்பாவுக்கு மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, பிரியாணியும் போட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரமே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு குடோனில் போய் நின்றார். அங்கே பெருச்சாளித் தொல்லை. ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த தோலைக் கடித்துக் குதறியிருந்தது. மருந்து வைத்தால் கட்டுக்கு அடியில் போய்ச் செத்து நாறும், அந்த நாற்றம் தோலில் ஏறும். பூனை விட்டால் அது நகம் தீட்டத் தோலைத்தான் தேடும், பூனை கீறியது எல்லாம் ரிஜெக்ட். கூண்டு வைத்ததில் ஒன்றின் வால் மட்டும் மாட்டியது. அப்போதுதான் அப்பா தன்னிடம் ஏர்கன் இருப்பதைச் சொன்னார்.

சமீருல்லா சென்னைக்குப் போன் போட்டு அண்ணன்களிடம் பேசினார். பிறகு அப்பாவிடம் வந்து சொன்னாராம்: "பெருச்சாளி தீர்ற வரைக்கும் இருங்கண்ணே. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். சரக்குல ஒரு ஓட்டை விழுந்தாலும் துப்பாக்கி வெளிய."

அப்பா வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொன்னபோது, பட்டாளத்தில் சேர்ந்தவர் மாதிரி நின்றார். அம்மா, அவள் பெயர் சௌந்தரம், அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "எல்லாத்தையும் சுட்டுட்டா?" அப்பா பரணுக்கு ஏணி தேடப் போனார்.

குடோன் பகலிலும் இருட்டு. வெயில் பட்டால் தோலின் நிறம் மாறும் என்பதால் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருப்பார்கள். ஆட்கள் போன பிறகு, சாயந்தரம், அந்த இருட்டில் முப்பதடி தூரத்தில் ஒரு கறுப்புப் பெருச்சாளியைச் சுட வேண்டும். அதன் தலைக்கு மேல் அடுக்கில் விலை உயர்ந்த தோல். துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறி அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எனவே ஸ்கோப் வேண்டும்.

என்னிடம் கேட்டிருக்கலாம். நான் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கிற லேப்பில் இன்ஜினியர். அவர் கேட்கவில்லை. ஆன்லைனில் இருப்பதிலேயே நீளமான ஸ்கோப்பை வாங்கினார். மலையில் மான் பார்க்கிற சாமான் அது. ஒன்பது மடங்கு பெரிதாக்கும், தூரத்தில் உள்ளதை மட்டும் தெளிவாகக் காட்டும். முப்பதடியில் பெருச்சாளி தெரியவில்லை, ஏதோ ஒரு காடு தெரிந்தது. "முடி எண்ணலாம், சுட முடியாது" என்று அவரே ஒத்துக்கொண்டார். அந்த ஸ்கோப் இரண்டு வாரத்தில் உள்ளே கலகலவென்று ஆடத் தொடங்கியது. ஸ்பிரிங் ஏர்கன் சுடும்போது முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உதைக்கும். அதைத் தாங்குகிற மாதிரி செய்யாத ஸ்கோப்பின் கண்ணாடி கழன்றுவிடும். இரண்டாவது ஸ்கோப்பை நான் வாங்கிக் கொடுத்தேன். நான்கு மடங்கு, முன்வளையத்தைத் திருகினால் கிட்டத்திலும் தெளிவாகும், ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே செய்தது. அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "எலிக்கு எத்தன கண்ணாடி, எனக்கு ஒண்ணு மாத்தித் தர ஆள் இல்ல" என்றாள். அவளுக்கும் ஒன்று மாற்றிக் கொடுத்தோம்.

நான் என் ஊருக்குத் திரும்பியதும் அவர் ஒரு காரியம் செய்தார். அந்தத் துப்பாக்கிக்குக் குழல் லேசாகக் கீழே தொங்கும், அதனால் குண்டு குறிக்குக் கீழே விழுந்தது. அந்த வகைத் துப்பாக்கிகளில் இது சகஜம். ஸ்கோப்பின் பின்வளையத்துக்குள் மெல்லிய தகடு ஒன்றை அண்டை கொடுத்தால் சரியாகிவிடும். அப்பா அண்டை கொடுத்தார். தோலை வைத்து.

தோல்காரர் வேறு எதை வைப்பார்? மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலில் ஒரு துண்டை அழகாகச் சீவி வளையத்துக்குள் வைத்துத் திருகியிருக்கிறார். கோடைக்காலம். குறி அச்சாக வந்தது. பெருச்சாளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் சாயந்தரம் அவர் சுட்ட பெருச்சாளி சும்மா நடந்து போனது. மறுநாள் காலை கீழடுக்கிலிருந்த தோல் கட்டைப் புரட்டினார். மேல் தோலைத் துளைத்து அடுத்த தோலில் குண்டு உட்கார்ந்திருந்தது.

அங்கே வேறு யாரும் இல்லை. கட்டைத் திருப்பி வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் பேனாவை எடுத்து ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் சி என்று எழுதி, தோலைச் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். சமீருல்லா அதை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கி, ஓட்டை வழியாக அப்பாவைப் பார்த்தாராம்.

"இன்னாண்ணே இது?"

"சி கிரேடு பாய்."

"எப்டி ஆச்சு?"

"நான்தான்."

சமீருல்லா தோலை மடித்து வைத்தார். "கொஞ்ச நாள் வூட்ல ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றார். அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டில் அவர் இருந்த அந்த நாட்களை அம்மா தனியாகச் சொல்ல வேண்டும். காலை இட்லிக்கு பி, சட்னிக்கு சி. கொடியில் காய்ந்த புடவையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினார். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைத் தடவிப் பார்த்து, வேலிக் கம்பி கீறிவிடும் என்று அதன் சொந்தக்காரரிடமே சொல்லிவிட்டு வந்தார். நான்காம் நாள் எனக்குப் போன் வந்தது. "இந்த மனுஷன ஏதாவது ஒரு குடோன்ல கொண்டுபோய் போடுடீ" என்றாள் அம்மா.

வந்து பார்த்தேன். பின்பக்கம் மணல் மூட்டையில் காகிதம் ஒட்டி அவரை ஐந்து குண்டு சுடச் சொன்னேன். ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. அந்தக் காசு மட்டும் குறிக்கு ஒரு விரல் மேலே இருந்தது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. குண்டுகள் அங்கும் இங்கும் சிதறினால் கையில் அல்லது கண்ணில் கோளாறு. எல்லாம் ஒரே இடத்தில், ஆனால் தள்ளி விழுந்தால், கை நன்றாக இருக்கிறது, குறி நகர்ந்திருக்கிறது. ஸ்கோப்பைக் கழற்றினேன்.

"இன்னாப்பா இது?"

"தோலு."

"அது தெரியுது."

"தெரியுதுன்னா ஏன் கேக்கற?"

மைக்ரோமீட்டரால் அந்தத் துண்டை அளந்தேன். அம்மாவின் இஸ்திரிப் பெட்டி சூட்டில் காயவைத்து மறுபடி அளந்தேன். மழை ஈரத்தில் அது ஊதியிருந்தது, தலைமுடி ஒன்றின் கனத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. பின்வளையம் அவ்வளவு உயர்ந்தால் முப்பதடியில் குண்டு ஒரு விரல் ஏறும். கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை, தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத் தோலை அளக்காதே என்று மேஜையில் எத்தனையோ பேரைத் திட்டியவர்.

"இறுக்கித் திருகினா குடிக்காதுன்னு நெனச்சேன்" என்றார். விளிம்பைத் தடவிப் பார்த்து, "ஓரத்துல குடிச்சிருக்குது" என்றார், அது தோலின் குற்றம் என்கிற மாதிரி.

கூல்டிரிங்ஸ் டின் ஒன்றைக் கத்தரித்து, அந்த அலுமினியத் தகட்டை அண்டை கொடுத்தேன். ஐந்து குண்டும் நடுவில் போயின. மறுநாள் காலை அப்பா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சமீருல்லாவிடம் நேரில் போய் நின்றார். இதற்குள் பெருச்சாளிகள் ஒரு முழுக் கட்டைக் குதறியிருந்தன. குடோனில் காகிதம் ஒட்டி, சமீருல்லா பார்க்கச் சுட்டுக் காட்டினார். கீழடுக்கைக் காலி செய்துவிட வேண்டும், பெருச்சாளிப் பொந்துக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் திரும்பச் சேர்க்கப்பட்டார். பழைய உத்தரவு அப்படியே இருந்தது: பெருச்சாளி தீர்ற வரைக்கும்.

பொங்கலுக்குள் கிட்டத்தட்டத் தீர்ந்தது. ஒன்று மட்டும் பாக்கி. கூண்டில் வாலை விட்டுவிட்டுப் போனது அதுதான். குடோனில் தோல் ஓரம் வெட்டுகிற ஹலீமா பீ அதற்குக் கட்டைவால் என்று பெயர் வைத்தார். ஆட்கள் சரியாக வேலை செய்கிறார்களா என்று பார்ப்பது போல அடுக்குகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து வருமாம்.

அந்த ஒன்றை அப்பாவால் சுட முடியவில்லை. பொங்கல் போய், கோடை போய், அடுத்த பொங்கலும் வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் ஒரு புதுக் காரணம். இருட்டில் ஸ்கோப்பின் கூட்டல் குறி தெரியவில்லை என்றார். உள்ளே சிவப்புப் புள்ளி எரிகிற குறிபார்க்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். புள்ளி பெருச்சாளித் தலை அளவுக்கு இருக்கிறது, எதைச் சுடுவது என்றார். வெளிச்சத்தைக் குறைத்தால் புள்ளி சிறுக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். குறைத்தால் பேட்டரி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். பழைய ஸ்கோப்பையே திரும்ப மாட்டி, ஒரு டார்ச் சேர்த்தோம். டார்ச்சின் வெளிச்சம் பளபளப்புத் தோலில் பட்டுத் திரும்பி ஸ்கோப்புக்குள் வந்து கண்ணைக் கூசவைத்தது. ஒளியைக் குவிக்கிற டார்ச் வேண்டாம், விரிந்து பரவுகிற டார்ச் வேண்டும் என்று மாற்றினேன். இப்போது வெளிச்சம் பார்த்ததும் கட்டைவால் ஓடுகிறதாம். ஒரு அளவுக் கருவி இத்தனை முறை பழுதானால் நான் கருவியை விட்டுவிட்டு அதை உபயோகிக்கிற ஆளைப் பார்ப்பேன். அவர் கண்ணைச் சந்தேகித்தேன். வேலூருக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார்.

"பொந்தை அடைச்சுட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாயும் அதான் சொன்னாரு. சிமென்ட் வாங்கிட்டேன். கண்ணாடித் தூள் கலந்து பூசணும். திங்கக்கெழம பூசிடறேன்."

எந்தத் திங்கட்கிழமை என்று நான் கேட்கவில்லை. பிறகுதான் அந்தச் சிவப்பு டார்ச்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் துப்பாக்கியை எடுத்து வர ஆம்பூருக்குப் போனேன். அம்மாதான் அனுப்பினாள். கம்பெனி பஸ்ஸிலேயே போனேன். ஜன்னலோர சீட்டில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

சமீருல்லா என்னைக் குடோன் கதவு வரைக்கும் கூட்டி வந்து விட்டார். துப்பாக்கி அப்பா வைத்த இடத்திலேயே, கடைசிச் சுவரோரம், சாக்கில் சுற்றி இருந்தது. சிவப்பு டார்ச் இம்மியும் அசையவில்லை. நாங்கள் திருகியது நன்றாகவே பிடித்திருந்தது. கருவியை எடுத்துப் போகும் முன் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்வது என் தொழில் பழக்கம். மணல் மூட்டையில் காகிதம் ஒட்டினேன். அவர் வழக்கமாகக் குந்துகிற இடத்தில் குந்தி, அங்கே கிடந்த சாம்பல் நிறக் கல்லின் மேல் துப்பாக்கியைத் தாங்க வைத்து, சிவப்பு வெளிச்சத்தில் ஐந்து குண்டு சுட்டேன். நான் அவ்வளவு நன்றாகச் சுடுகிறவள் இல்லை. ஆனாலும் ஐந்தும் கூட்டல் குறி நின்ற இடத்தில், ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழுந்தன. குறி நகரவில்லை. ஸ்கோப்பில் குறை இல்லை. டார்ச்சில் குறை இல்லை.

காகிதத்தை எடுக்கப் போனபோதுதான் பக்கத்து மூட்டையைப் பார்த்தேன். பொந்தின் வாயிலிருந்து சரியாக ஒரு சாண் இடப்பக்கம். அந்த இடத்தில் மூட்டை கிழிந்து மணல் கொட்டியிருக்க வேண்டும். சதுரமாக ஒரு தோல் துண்டு வைத்து நாலு பக்கமும் தைத்திருந்தது. அப்பாவின் தையல். தோலின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஓட்டை. விரலை விட்டால் உள்ளே ஈயக் குண்டுகள் கட்டியாக நெரிந்து கிடந்தன. ஒரு வருஷத்துக் குண்டுகள். மூட்டையில் வேறு எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இருட்டில், சரக்கில் படாமல், பெருச்சாளி மேலும் படாமல், தினமும் அதே காசுக்குள் குண்டைப் போட வேண்டுமானால் நல்ல ஸ்கோப் வேண்டும். நல்ல வெளிச்சமும் வேண்டும். அவர் கேட்டதெல்லாம் நியாயமான சாமான்தான்.

ஹலீமா பீ கத்தரியோடு வந்து பக்கத்தில் நின்றார். தினமும் அப்பா சாயந்தரம் பொந்து வாசலில் தேங்காய்த் துண்டு வைப்பார், அது தின்னும்வரை பார்த்துக்கொண்டிருப்பார், கடைசியில் ஒரு குண்டு விடுவார், அது மெதுவாக உள்ளே போகும் என்று சொன்னார்.

"தோலைக் கடிக்கலியா?"

"தேங்கா கெடைக்கிறப்ப தோலை எதுக்கும்மா கடிக்கப்போவுது? சுட்டாக்கூட இப்பல்லாம் ஓடறதில்ல. அண்ணனும் வுட மாட்டாரு, அதுவும் போவாது."

சமீருல்லா டீ எடுத்து வரச் சொல்லியிருந்தார். கிளாஸோடு அவரே வந்தார். நான் தோல் ஒட்டிய மூட்டையைக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

"மாசாமாசம் அண்ணனுங்க போன்ல கேப்பாங்க. இன்னும் ஒண்ணு இருக்குதுன்னு சொல்லுவேன். பொய் இல்லியே. இருந்துச்சே." கிளாஸை என் கையில் கொடுத்தார். "சாயந்தரம் உள்ள டப்புனு சத்தம் வந்தாதாம்மா எனக்கு டீ ஞாபகம் வரும். ஒங்கப்பா போனதுலேர்ந்து நான் டீ குடிக்கவே லேட்டாவுது."

டீயை முடித்ததும் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றினேன். சுற்றும்போது அதுவரை தாங்கலாக இருந்த சாம்பல் கல்லை நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை. மேலே காகிதம் உரிந்து தொங்கியது. அதில் பாதி அழிந்த எழுத்து. அது கல் இல்லை. சிமென்ட் மூட்டை. பிரிக்கவே இல்லை. போன மழைக்காலத்திலேயே ஈரம் குடித்துக் கெட்டியாகி, மூட்டையின் மடிப்புகளோடு அப்படியே இறுகிப் போயிருந்தது. மேல்பக்கம் நடுவில், துப்பாக்கியின் கட்டை தினமும் உட்கார்ந்து தேய்ந்த தடம். பக்கத்தில் ஒரு சோப்பு டப்பா. திறந்தேன். பொடித்த கண்ணாடித் தூள், கலக்கத் தயாராக.

"திங்கக்கெழம பூசறேன்னாரு" என்றார் ஹலீமா பீ.

அடுக்குக்கு அடியில் ஏதோ அசைந்தது. மூக்கு வெளியே வந்தது. இன்றும் தேங்காய் வைக்கவில்லை என்பது அதற்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

அந்தப் பொந்தை இன்னும் அடைக்கவில்லை.